வெளியே கட்டிய கம்பி ஏரியலுக்கு எர்த் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வெளியே பத்து, இருபது மீட்டர் கம்பியைக் கட்டி மத்திய அலையும் சிற்றலையும் கேட்பவர்களுக்கான பக்கம் இது. ஒலிபரப்புபவர்களின் தேவைகள் வேறு, அவை இங்கே இல்லை. கம்பியின் நீளம், உயரம், திசை எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவர்கள்கூட, எர்த் என்று வந்ததும் கைக்குக் கிடைத்த இரும்பில் வயரைச் சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

வெறும் கேட்பதற்கு எர்த் கட்டாயமா?

எர்த் மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது. அதில் எது உங்களுக்கு வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை மின்சாரப் பாதுகாப்பு. கருவியின் உலோக உடலில் கரண்ட் கசிந்தால் ஃபியூஸோ பிரேக்கரோ உடனே விழும்படி செய்வது. மூன்று முள் பிளக்கில் இருக்கும் எர்த் இதற்காக வந்தது. இரண்டாவது, மின்னலும் காற்றில் சேரும் நிலைமின்சாரமும் வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே மண்ணுக்குப் போக வழி கொடுப்பது. மூன்றாவதுதான் ரேடியோ சம்பந்தப்பட்டது. ஒற்றைக் கம்பி ஏரியலுக்கு இன்னொரு கால் வேண்டும். சிக்னல் என்பது கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள வோல்டேஜ். ஒரு முனையை மட்டும் ரேடியோவில் சொருகினால், மறு முனையை ரேடியோவின் மின்சுற்று எங்கிருந்தாவது தேடிக்கொள்ளும். 1895-இல் மார்க்கோனி ஒரு முனையை உயரத்தில் தூக்கி, மறு முனையை மண்ணில் இறக்கிய பிறகுதான் அவருடைய கருவி கிலோமீட்டர் கணக்கில் எட்டியது.

மழை, இடி உள்ள எந்த இடத்திலும் வெளிக் கம்பிக்கு இரண்டாவது வேலை கட்டாயம். மூன்றாவது இல்லாமலும் ரேடியோ பாடும், ஆனால் நன்றாகப் பாடாது.

எர்த் இல்லாமலே நன்றாகத்தானே கேட்கிறது?

கேட்கும். ரேடியோ அடாப்டரில் ஓடினால் அந்த வயரும் வீட்டு ஒயரிங்கும் எர்த்தாக நடிக்கின்றன. பேட்டரியில் ஓடினால் உங்கள் கைதான் எர்த். ரேடியோவைத் தொட்டால் நிலையம் தூக்கலாகவும், விட்டால் மங்கலாகவும் கேட்கிறதா? சுற்று எர்த்துக்கு ஏங்குகிறது என்று அர்த்தம்.

அப்படியானால் பிளக்கின் மூன்றாவது முள்ளிலிருந்தே எர்த் எடுத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். பிளக் துளைக்குள் தனி வயரைச் செருகுவது முதலில் உயிருக்கு ஆபத்து. ஒயரிங் மாறியிருந்தாலோ, எங்கோ எர்த் அறுந்திருந்தாலோ, உங்கள் ஏரியலும் ரேடியோவின் உடலும் கரண்டில் நிற்கும்.

அது சரியாக இருந்தாலும் கேட்பதற்கு உதவாது. வீட்டில் உள்ள கம்ப்யூட்டர், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் போன்றவற்றுக்குள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும் மின்சுற்று இருக்கிறது. அவற்றின் இரைச்சல் வடிகட்டிகள் கழிவை எர்த் வயரில்தான் கொட்டுகின்றன. நியூட்ரலை எர்த்தாக எடுக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது.

எர்த் கொடுத்ததும் இரைச்சல் கூடிவிட்டது. எர்த் சரியில்லையா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். மண்ணில் இறக்கிய எர்த் ராடு நன்றாகவே இருக்கலாம். இணைத்த இடமும் வயர் போகும் வழியும்தான் தவறாக இருக்கும்.

ரேடியோவுக்குத் தெரிவது இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் மட்டுமே. ஏரியல் முனையில் நிலையம் வருகிறது. எர்த் முனை அசையாமல் நின்றால் அந்த நிலையம் மட்டும் கேட்கும். எர்த் முனையே வீட்டு இரைச்சலில் ஆடிக்கொண்டிருந்தால், ஆடும் தராசில் எடை போட்டது போலத்தான். ஏரியலில் வந்த இரைச்சல் எது, எர்த்தில் வந்தது எது என்று ரேடியோவால் பிரிக்க முடியாது.

ஏரியலிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளிலும் (நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி ஷீல்டு என்ற உலோகப் பின்னல்) இதே கதைதான். ஷீல்டின் உட்புறத்தில் சிக்னல் ஓடுகிறது. வெளிப்புறம் இன்னொரு கம்பியைப் போல நடந்துகொண்டு, வீட்டுக்குள் பிடித்த இரைச்சலை ஏரியலின் அடிவரை கொண்டுபோகிறது. அங்கே அது ஏரியலோடு கலந்து, கேபிளின் உள்ளே புகுந்து, சிக்னலாகவே ரேடியோவுக்குத் திரும்பி வருகிறது. மேலே கம்பி எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும் இதனால் பயனில்லாமல் போகும்.

இதற்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். கம்பி ஏரியலின் அடியை வீட்டுச் சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளி வைத்து, அந்த அடியிலேயே ஒரு ராடு இறக்குங்கள். ஏரியலுக்கும் கோஆக்ஸுக்கும் நடுவே, இரண்டு கம்பிச் சுற்றுகளும் ஒன்றையொன்று தொடாத டிரான்ஸ்ஃபார்மரைப் போடுங்கள். கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஷீல்டை எர்த் செய்யுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் கிடைக்கும் அமைதிக்கு ஈடாக, காசு கொடுத்து வாங்கும் எந்த இரைச்சல் வடிகட்டியையும் நான் சொல்ல மாட்டேன்.

அந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

நீண்ட கம்பியின் மின்மறுப்பு (சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு, இம்பீடன்ஸ்) அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். தோராயமாகச் சில நூறு ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். கோஆக்ஸும் ரேடியோவும் எதிர்பார்ப்பது 50 ஓம். அதனால்தான் 450-ஐ 50-ஆக மாற்றும் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் புழக்கத்தில் இருக்கிறது. சுற்றுகளின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் மின்மறுப்பின் விகிதம் வரும். ஆகவே மூன்றுக்கு ஒன்று என்று சுற்றினால் போதும்.

கடையில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் பலவும் மூன்று வயர்களை முறுக்கி ஒன்றாகச் சுற்றி, ஒரு முனையைப் பொதுவாக வைத்தவை. ஏரியல் பக்க எர்த்தும் கோஆக்ஸ் ஷீல்டும் அதில் ஒரே புள்ளி. இரைச்சல் தாராளமாகக் கடக்கும். நீங்களே செய்வதானால், ஒரு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) வளையத்தில் ஏரியல் பக்கம் 18 சுற்று, அதற்கு எதிர்ப்புறத்தில் ஓர் இடைவெளி விட்டுக் கோஆக்ஸ் பக்கம் 6 சுற்று. ஏரியல் சுற்றின் ஒரு முனை கம்பிக்கு, மறு முனை ராடுக்கு. 6 சுற்றின் ஒரு முனை கோஆக்ஸின் நடுக்கம்பிக்கு, மறு முனை ஷீல்டுக்கு. இரண்டு பக்கத்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் தொடர்பு காட்டக் கூடாது. சிற்றலைக்கு 43 ரக ஃபெரைட் நன்றாக வேலை செய்யும். மத்திய அலைதான் முக்கியம் என்றால் 73 அல்லது 75 ரகம் எடுங்கள்.

மழைத் தண்ணீர் புகாத டப்பாவுக்குள் வையுங்கள். அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். எவ்வளவு மூடினாலும் உள்ளே ஈரம் கட்டும், அது வெளியேற வழி வேண்டும்.

கேபிளில் மாட்டும் ஃபெரைட் கிளிப் போதாதா?

ஒரு கிளிப், ஒரு முறை கேபிள் நுழைவது என்றால் சிற்றலையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. தடுக்கும் திறன் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மெல்லிய கோஆக்ஸை ஒரு பெரிய ஃபெரைட் வளையத்துக்குள் எட்டுப் பத்து முறை நுழைத்துச் சுற்றுங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும். ரேடியோவின் அடாப்டர் வயருக்கும் இதையே செய்யலாம்.

எர்த் ராடு எவ்வளவு ஆழம், எவ்வளவு பருமன்?

ஆழமே முக்கியம், பருமன் அல்ல. செம்பு பூசிய எஃகு ராடு 2.4 மீட்டர் நீளத்தில் பரவலாகக் கிடைக்கிறது. சுமாரான ஈர மண்ணில், அதாவது மண்ணின் தன்தடை 100 ஓம்-மீட்டர் என்றால், 16 மில்லிமீட்டர் பருமனுள்ள அந்த ராடின் எர்த் தடை கணக்குப்படி ஏறக்குறைய 40 ஓம் வரும். பருமனை இரட்டிப்பாக்கினால் 35-க்கு அருகில் இறங்கும், அவ்வளவுதான். நீளத்தை இரட்டிப்பாக்கினால் 22, 23 ஓமுக்கு வந்துவிடும். மேல்மண் காய்ந்தாலும் அடிமண்ணில் ஈரம் நிற்கும் என்பது கூடுதல் லாபம்.

பாறை வந்து ஆழம் போக முடியவில்லையா? இரண்டு மூன்று ராடுகளைப் பிரித்து இறக்கி, மண்ணுக்கடியில் செம்புக் கம்பியால் சேருங்கள். ஒன்றுக்கொன்று இடைவெளி குறைந்தது ஒரு ராடின் நீளம் இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இறக்கினால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். கேட்பதற்கு மட்டும் என்றால் ஏரியலுக்கு நேர் கீழே மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் நாலைந்து கம்பிகளைப் பரப்பிப் புதைப்பதும் நல்ல வழி, பல சமயம் ஒற்றை ராடைவிட அது மேல்.

அடிப்பதற்கு முன் அந்த இடத்தில் மின் கேபிளோ குழாயோ புதைந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

உப்பும் கரியும் போட வேண்டுமா?

உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் மழையில் கரைந்து போகும், ராடையும் கிளாம்பையும் அரிக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் அதைவிட நல்லது. ரேடியோ கேட்க மட்டும் என்றால் இரண்டுமே தேவைப்படாது.

தண்ணீர்க் குழாயில் கட்டலாமா?

குழாய் முழுக்க உலோகமாக மண்ணுக்குள் இறங்கினால் ஓரளவு எர்த் ஆகும். நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் இருந்தாலும் வீண். கேஸ் குழாயை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மேல் மாடியில் இருக்கிறேன். கீழே ராடு இறக்கி நீண்ட வயரில் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், ஆனால் அது எர்த்தாக இருக்காது. 9.7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 31 மீட்டர் பட்டையில், கால் அலைநீளம் சுமார் 7.7 மீட்டர். உங்கள் எர்த் வயரும் அந்த நீளம் என்றால், கீழ் முனை மண்ணைத் தொட்டாலும் மேல் முனையில் ரேடியோவுக்கு அது அறுந்த வயராகவே தெரியும். மேலும், சுவரை ஒட்டி இறங்கும் அந்த வயர் ஒவ்வொரு தளத்தின் இரைச்சலையும் பிடித்துக்கொண்டு வரும். மத்திய அலையில் இந்தப் பிரச்சினை குறைவு. 1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 75 மீட்டர் என்பதால் 7 மீட்டர் வயர் அங்கே குட்டைதான்.

மாடிக்காரர்களுக்கு மாற்று, எதிர்க்கம்பி. உறையுள்ள ஒரு வயரைப் பால்கனித் தரையோரமாகவோ மொட்டைமாடியிலோ, ஏரியலிலிருந்து விலகும் திசையில் கிடத்தி எர்த் முனையில் சேருங்கள். அதிகம் கேட்கும் பட்டைக்குக் கால் அலைநீளம் வைத்தால் நன்று, பல பட்டைகள் வேண்டும் என்றால் வேறுவேறு நீளத்தில் இரண்டு மூன்று. இது சிக்னலுக்கு மட்டும். மின்னலுக்கு இது எர்த் ஆகாது.

இடமே இல்லை, இரைச்சல் தாங்கவில்லை என்றால் கம்பியை விட்டுவிட்டு வளைய ஏரியலுக்கு மாறுங்கள் என்பேன். அதற்குச் சிக்னல் எர்த் தேவையில்லை, திருப்பித் திருப்பி ஓர் இரைச்சல் மூலத்தையே ஒதுக்கவும் முடியும்.

டைபோல் (நடுவில் இணைப்பு, இரண்டு பக்கமும் கம்பி உள்ள ஏரியல்) கட்டினால் எர்த் தேவையில்லை என்கிறார்களே?

சிக்னலுக்குத் தேவையில்லை, அதன் இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று துணை. மின்னலுக்குத் தேவை.

எர்த் கொடுத்துவிட்டால் மின்னலுக்குப் பயப்பட வேண்டாமா?

நேராக விழும் மின்னலை ரேடியோ கேட்பவர் போடும் எந்த எர்த்தும் முழுமையாகச் சமாளிக்காது. பக்கத்தில் விழும் மின்னலின் தூண்டல்தான் அடிக்கடி நடப்பது. அதைச் சமாளிக்கலாம், நேராக விழுந்தால் சேதத்தைக் குறைக்கலாம்.

மண்ணோடு சேராத கம்பியை வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி முடியும் என்பது 1753-லேயே தெரிந்துவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜார்ஜ் வில்ஹெல்ம் ரிக்மன் என்ற விஞ்ஞானி, மேகங்களின் மின்சாரத்தை அளக்கக் கூரையிலிருந்து வீட்டுக்குள் ஓர் உலோகக் கம்பியை இறக்கியிருந்தார். அளப்பதற்காகவே அதை மண்ணிலிருந்து பிரித்து வைத்திருந்தார். இடிமழையின்போது அருகில் போனவர் அங்கேயே இறந்தார். எர்த் இல்லாத வெளி ஏரியலும் அதே அமைப்புதான்.

எண்களைப் பாருங்கள். சாதாரண மின்னல் ஒன்றின் உச்சம் சுமார் 30,000 ஆம்பியர். மேலே சொன்ன 40 ஓம் ராடில் அது பாய்ந்தால் கணக்குப்படி 12 லட்சம் வோல்ட். மண்ணுக்குள்ளேயே பொறி பறந்து தடை கொஞ்சம் இறங்கும், ஆனாலும் பல லட்சம்தான். ஏரியல் ராடு அந்த உயரத்துக்கு ஏறும்போது வீட்டின் எர்த் அதே இடத்தில் நின்றால், இரண்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் ரேடியோ.

அதனால்தான் ஏரியல் எர்த்தையும் வீட்டு எர்த்தையும் வெளியிலேயே தடித்த செம்புக் கம்பியால் சேர்க்கச் சொல்கிறார்கள். பல நாடுகளின் மின்விதிகளும் இதைக் கேட்கின்றன. 16 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் தாராளம். "சேர்த்தால் வீட்டு இரைச்சல் வந்துவிடுமே" என்ற கவலை நியாயமானது. அதற்குத்தான் பிரிந்த சுற்றுள்ள டிரான்ஸ்ஃபார்மரும் ஃபெரைட் வளையமும். இரைச்சலுக்குப் பயந்து இந்த இணைப்பை விட்டுவிடாதீர்கள். சில இடங்களில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகவே வீட்டுக்கு வரும். அங்கே வெளி ராடைச் சேர்த்தால், தெருவில் நியூட்ரல் அறுந்தால் அந்தக் கரண்ட் இந்த வயரில் ஓடும். மீட்டர் பெட்டிப் பக்கம் கை வைப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ராடுக்கு இறங்கும் கம்பி குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும். ஒரு மீட்டர் கம்பிக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி மின்தூண்டம் (கரண்ட் சட்டென்று ஏறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. 30,000 ஆம்பியர் 2 மைக்ரோ நொடியில் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 15,000 வோல்ட் நிற்கும். மீதிக் கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டி வைப்பவர்கள் அந்தச் சுருளை வெட்டி எறியுங்கள்.

இடி இடிக்கும்போது ஏரியலைக் கழற்றினால் போதுமா?

இடிச் சத்தம் கேட்டால் ஏற்கெனவே தாமதம். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி, அது காதில் விழும் தூரமே மின்னல் எட்டும் தூரம். அப்போது கேபிளில் கை வைக்காதீர்கள். மேகம் கூடும்போதே, அல்லது கேட்டு முடித்ததும் வழக்கமாகவே கழற்றிவிடுங்கள். கழற்றிய முனை ரேடியோவுக்குப் பக்கத்தில் மேசையில் கிடந்தால் கழற்றியதாகவே கணக்கில்லை. முனை வீட்டுக்கு வெளியே, எர்த்தோடு சேர்ந்து இருக்க வேண்டும். சுவருக்கு வெளியே ஒரு டப்பாவில் கோஆக்ஸ் இணைப்பை வைத்துக்கொண்டால் இது ஒரு நிமிட வேலை. ரேடியோவின் பவர் பிளக்கையும் உருவுங்கள்.

மழையே இல்லை, காற்று அடிக்கும்போது "டக் டக்" என்று வருகிறது. என்ன அது?

வறண்ட காற்றில் பறக்கும் தூசி கம்பியில் உரசி உரசி நிலைமின்சாரம் ஏறுகிறது. மழைத்துளியும் இதைச் செய்யும். ஏறியது எங்காவது சின்ன இடைவெளியில் பொறியாகத் தாவும்போது ஒரு "டக்". காற்று வலுத்தால் டக் டக் என்பது நெருங்கி நெருங்கி ஒரு சீறலாக மாறும். கழற்றிய பிளக்கை எர்த் கம்பி பக்கம் கொண்டுபோனால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். ரேடியோவின் முதல் டிரான்சிஸ்டரைக் கொல்ல அது போதும்.

மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஏரியல் சுற்று நேராக ராடுக்குப் போவதால் மின்சாரம் சேரவே சேராது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவர்கள் ஏரியலுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். கேட்பதில் எந்தக் குறையும் வராது. கூடவே 90 வோல்ட் வாயுக் குழாய் அர்ரெஸ்டர் (வோல்டேஜ் எகிறினால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் சின்னக் குழாய்) வைப்பது நல்லது. எதிரெதிராக இரண்டு டயோடு போடச் சொல்வார்கள், காப்பாற்றும்தான். ஆனால் பக்கத்தில் பலமான நிலையம் இருந்தால் டயோடுகளே நிலையங்களைக் கலந்து, இல்லாத இடத்தில் போலி நிலையங்களைக் காட்டும்.

கையடக்க பேட்டரி ரேடியோவில் எர்த்தை எங்கே கொடுப்பது?

வெளி ஏரியல் துளை இருந்தால் அந்தப் பிளக்கின் வெளி வளையம்தான் எர்த், நுனி ஏரியல். துளை இல்லாவிட்டால் பேட்டரியின் எதிர் (மைனஸ்) முனை பெரும்பாலும் சுற்றின் எர்த்தாக இருக்கும். பேட்டரியில் ஓடும்போது மட்டும் அங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

இந்த ரேடியோக்கள் தங்கள் சின்னக் குழல் ஏரியலுக்காகச் செய்யப்பட்டவை. நீண்ட கம்பியும் நல்ல எர்த்தும் சேர்ந்தால் திணறிவிடும். ஒரே நிலையம் நாலு இடத்தில் கேட்டால் அதுதான். பலமான நிலையங்களுக்காக உள்ள லோக்கல் ஸ்விட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளுங்கள், அல்லது உறையுள்ள ஏரியல் வயரைக் குழலில் நாலைந்து சுற்று சும்மா சுற்றி வையுங்கள், உலோகம் தொட வேண்டாம்.

பழைய வால்வு ரேடியோவுக்கும் இதே முறைதானா?

கவனம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக மெயின்ஸில் ஓடிய வால்வு ரேடியோக்கள் உண்டு. அவற்றின் சேசிஸ் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) கரண்டின் ஒரு முனையோடு சேர்ந்தே இருக்கும். அதில் எர்த் வயரைக் கட்டினால் ஃபியூஸ் போகலாம், ஆளும் போகலாம். பின்பக்கம் எர்த் டெர்மினல் இருந்தாலும் உள்ளே அதைப் பிரிக்கும் கெபாசிட்டர் பல வருடம் ஆகிக் கெட்டிருக்கலாம். வால்வு வேலை தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகு சேருங்கள்.

எர்த் உண்மையிலேயே உதவுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சிக்னல் மீட்டரின் முள்ளை நம்பாதீர்கள். இரைச்சல் ஏறினாலும் முள் ஏறும். ஒரு மங்கலான நிலையத்தைப் பிடியுங்கள், பக்கத்தில் காலியாக உள்ள இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எர்த் வைத்து, எடுத்து, இரண்டு இடத்திலும் மாறி மாறிக் கேளுங்கள். நிலையத்துக்கும் காலி இடத்துக்கும் உள்ள இடைவெளி விரிந்தால்தான் எர்த் வேலை செய்கிறது. அப்புறம், ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் மூலம் உங்கள் வீட்டுக்குள். ஒவ்வொரு சுற்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் எந்த அடாப்டர், எந்த விளக்கு என்று பிடித்துவிடலாம்.

ஒருமுறை போட்டால் போதுமா, பராமரிப்பு வேண்டுமா?

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் பாருங்கள். ராடு அப்படியே இருக்கும், கெடுவது கிளாம்ப்தான். செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். செம்பும் துத்தநாகம் பூசிய இரும்பும் சேர்ந்தாலும் துத்தநாகம் முதலில் போகும். பித்தளைக் கிளாம்பாக வைத்து, கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கோஆக்ஸ் இணைப்பின் மேல் சுற்றிய டேப்பையும் பிரித்துப் பாருங்கள். ஷீல்டின் பின்னல் கறுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள்.